முள் வானொலியா, எண் வானொலியா? அன்றாடம் கேட்க ஒரு கையடக்கப் பெட்டி

கும்பகோணத்துக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில் அம்மா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவந்த சிறிய வானொலி, சென்ற மழைக்காலத்தில் ஒரேயடியாக ஓய்ந்துவிட்டது. உள்ளே கிடந்த செல் கசிந்து, அதைத் தாங்கும் கம்பிச்சுருள் முழுதும் பச்சை பூத்து, அங்கிருந்து போகும் ஒயரும் அரித்துப்போயிருந்தது. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, ஓட வைக்கலாம், ஆனால் அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார். அதே சமயத்தில் புதுக்கோட்டையில் இருக்கும் அக்காவும் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். மாலை நடைக்கு எடுத்துச் செல்ல எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. ஒரே மாதிரியாக மூன்று வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். இன்று கிடைக்கும் நான்கு வகைகளையும் கடனாகவும் விலைக்கும் பெற்று, இரண்டு மாதம் வீட்டில் வைத்துக் கேட்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஒருவருக்கு மிகப் பொருத்தமான பெட்டி அடுத்தவருக்கு வெறும் தொல்லையாக முடிகிறது; அதற்குக் காரணம் பெட்டியில் இருப்பதைவிட, கேட்பவரின் ஊரிலும் கையிலும்தான் அதிகம் இருக்கிறது.

ஆகவே பெட்டிகளை ஒப்பிடுவதற்கு முன் அலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டுக்குள் எந்த அலை வந்து சேர்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாது, பெட்டியின் அட்டையிலும் எழுதியிருக்காது. பண்பலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. ஒலிபரப்பும் கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் போகும். கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அத்தனை மாவட்டங்களில் கேட்பதற்கு, கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேல் உள்ள அந்த மலைதான் முதற்காரணம். மாறாக, வளாக வானொலிகளும் சமுதாய வானொலிகளும் மிகக் குறைந்த திறனில் ஒலிபரப்புவதால் பத்துப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் தேய்ந்துவிடும். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக 2004-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையமும், பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசையும் ஒரே 90.4-ஐப் பயன்படுத்த முடிகிறதென்றால், ஒன்றின் குரல் மற்றொன்றின் எல்லையை எட்டுவதில்லை என்பதுதான் பொருள்.

பெட்டிகளில் ஏஎம் என்றோ எம்டபிள்யூ என்றோ குறிக்கப்படும் மத்திய அலையின் இயல்பு வேறு. அது நிலத்தை ஒட்டி ஊர்ந்து வருவதால் குன்றோ தோப்போ அதற்குப் பெரிய தடையில்லை. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ் டெல்டா முழுதும் பகலில் கேட்பது இப்படித்தான். தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றிய செய்தி அவர்களுக்கு அந்த நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. இரவில் மத்திய அலை மேலும் ஒரு வேலை செய்யும். பகலில் அதை உறிஞ்சிக்கொள்ளும் வளிமண்டல மேலடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுவதால், அலை இன்னும் மேலே சென்று எதிரொளித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். எங்கிருந்தோ ஒரு நிலையம் அலை அலையாக ஏறி இறங்கி ஒலிப்பதும், உள்ளூர் நிலையத்தின் மீது இன்னொன்று படிவதும் இதனால்தான்.

மத்திய அலையின் எதிரி இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி பல்பு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர், புதிய வகை மின்விசிறி ஆகிய எல்லாமே அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. எங்கள் கூடத்தில் 936-ஐக் கேட்க முடியாமல் போனபோது பெட்டியைத்தான் முதலில் சந்தேகித்தேன். சுவரில் செருகியிருந்த ஒரு மலிவு சார்ஜரைப் பிடுங்கியதும் குரல் தெளிந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கடந்த சில ஆண்டுகளில் ஆகாசவாணி தன் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றை நாடெங்கும் நிறுத்திவிட்டது. எனவே மத்திய அலைக்காகப் பணம் செலவிடுமுன், பக்கத்து வீட்டுப் பழைய பெட்டியையோ, ஒரு காரின் வானொலியையோ கொண்டு, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் உங்கள் ஊரில் என்னென்ன கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கடையில் கிடைக்கும் எந்த ஆலோசனையைவிடவும் பயன்படும்.

செய்தி கேட்பவர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. தனியார் பண்பலை நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப நெடுங்காலமாக அனுமதி இல்லை. காலையில் காப்பியோடு செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் கர்நாடக இசையும் வேண்டும் என்பவர் ஆகாசவாணியைத்தான் நாட வேண்டும். அது அவர் ஊரில் பண்பலையில் வருகிறதா, மத்திய அலையில் மட்டும் வருகிறதா என்பதே பெட்டியைத் தீர்மானிக்கும். பண்பலையில் தெளிவாக வருகிறது என்றால் கீழே நான் எழுதப்போவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

இனி பெட்டிகள். முதல் வகை, முள்ளைத் திருகி நிலையம் பிடிக்கும் இரண்டு அலைவரிசைப் பெட்டி. பானசோனிக் ஆர்எஃப்-பி50, சோனியின் ஐசிஎஃப் வரிசைச் சிறு பெட்டிகள், பிலிப்ஸின் சிறு பெட்டிகள் ஆகியவை இந்த இனம். பண்பலை, மத்திய அலை என்று ஒரு தள்ளுவிசை, பக்கவாட்டில் ஒலிக்கு ஒரு சக்கரம், நிலையத்துக்கு ஒரு சக்கரம், இழுத்து நீட்டும் ஏரியல், இயர்போன் செருகும் துளை; இவ்வளவுதான். ஆர்எஃப்-பி50 சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே செல் இரண்டில் ஓடுகிறது. இந்த எளிமையைப் பழமை என்று தள்ளிவிடுவது பிழை. எழுபதைத் தாண்டிய ஒருவர் விடிகாலை இருட்டில், கண்ணாடி போடாமல், படுக்கையிலிருந்தபடியே கையை நீட்டி இயக்கக்கூடிய பெட்டி இது ஒன்றுதான். ஒலிச் சக்கரத்தைத் திருப்பினால் ‘டிக்’ என்று பெட்டி விழித்துக்கொள்ளும். நேற்று இரவு எந்த நிலையத்தில் விட்டோமோ அதே நிலையம் பேசும். நினைவில் வைக்க எண் இல்லை, அழுத்திப் பிடிக்க வேண்டிய பொத்தான் இல்லை.

குறைகளும் இதே எளிமையிலிருந்துதான் வருகின்றன. முள் நகரும் அளவுகோல் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம்தான்; அதற்குள் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அடைத்திருப்பதால், சென்னை போன்ற நகரில் 91.1, 92.7, 93.5 என்று வரிசையாக நிற்கும் நிலையங்களைப் பிரித்துப் பிடிக்க விரல் பழக வேண்டும். சட்டைப் பையில் போட்டு நடந்தால் சக்கரம் துணியில் உரசி நிலையம் நழுவும். ஒலிச் சக்கரத்தின் அடியில் உள்ள கரிப் பட்டையில் தூசி சேர்ந்தால் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். இது ஆண்டுக்கொருமுறை ரேடியோ மெக்கானிக்கிடம் தீர்த்துக்கொள்ளக்கூடிய சில்லறைப் பழுதுதான். பழுதுபார்க்க முடிவதே இந்த வகையின் பெரும் பலம் என்று நான் கருதுகிறேன்; திறந்தால் கண்ணுக்குத் தெரியும் பாகங்கள் இருக்கின்றன, பற்றவைக்கும் கை இன்னும் சிற்றூர்களில் இருக்கிறது.

அம்மாவுக்கு அளவுகோலில் 936 எங்கே என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் அவரே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டார். பண்பலைப் பக்கம் திருச்சியின் 102.1-க்கு ஒரு கருப்புப் பொட்டு. எந்த நிறுவனத்தின் பொறியாளரும் யோசிக்காத ஏற்பாடு, செலவும் இல்லை.

இந்த வகையில் ஒரு நுணுக்கம். வெளியே முள் இருந்தாலும், இப்போது விற்கும் பல பெட்டிகளின் உள்ளே பழைய சுற்று இருப்பதில்லை. வானொலி வேலை முழுவதையும் ஒரே சில்லு (சிப்) எண்ணாக்கிச் செய்துவிடுகிறது. சக்கரம் மெதுவாகத் திரும்பும்போது நிலையம் வழுக்கிக்கொண்டு வராமல், படிப்படியாகக் குதித்து வந்தால் அது இத்தகைய பெட்டி. இதில் தவறொன்றும் இல்லை. பக்கத்து நிலையத்தைப் பிரிக்கும் திறன் கூடத்தான் இருக்கும். ஆனால் மங்கலான நிலையத்தைக் கேட்கும்போது, இரைச்சலை மறைப்பதற்காகச் சில்லு தானாகவே ஒலியைத் தாழ்த்தும். குரல் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். தொலைவிலுள்ள மத்திய அலையை நம்பி வாழ்பவருக்கு இது எரிச்சலூட்டும்.

இரண்டாவது வகை, திரையில் எண் காட்டும் பெட்டி. சீனாவின் டெக்சன் நிறுவனத்தின் பிஎல்-310இடி, பிஎல்-380, பிஎல்-330 ஆகியவை இவ்வகையில் உலகெங்கும் வானொலி ஆர்வலர்களிடம் பேர் பெற்றவை. முதல் இரண்டும் கடிகார செல் மூன்றில் ஓடுபவை. மூன்றாவது பழைய நோக்கியா செல்பேசிகளில் இருந்த பிஎல்-5சி பேட்டரியில் ஓடுவது. அந்த பேட்டரி இன்றும் எந்த ஊர் செல்பேசிக் கடையிலும் கிடைக்கிறது என்பது சிறிய வசதி அன்று. பெட்டியோடு வருகிற பேட்டரிதான் முதலில் சாகும். பேர் தெரியாத பேட்டரி கொண்ட பெட்டி அதோடு சேர்ந்து சாகும்.

எண் வானொலியின் உண்மையான பயன் எனக்குப் புதுக்கோட்டையில்தான் புரிந்தது. கிழக்கே காரைக்கால் பண்பலை 100.3, மேற்கே கொடைக்கானல் 100.5. இரண்டுக்கும் நடுவே 0.2 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அக்காவின் வீட்டு மாடியில் முள் வானொலியை வைத்தபோது, காரைக்காலின் பாட்டுக்குள் கொடைக்கானலின் அறிவிப்பு கசிந்துகொண்டே இருந்தது. முள்ளை மயிரிழை நகர்த்தினால் ஒன்று போய் இன்னொன்று வந்தது. பிஎல்-310இடியில் 100.3 என்று எண்ணை அழுத்தியபோது, இலேசான இரைச்சலோடு காரைக்கால் தனியாக நின்றது. அலைகளைப் பிரிக்கும் வடிகட்டியைச் சில்லு தேவைக்கேற்பக் குறுக்கிக்கொள்ள முடியும். பழைய பீங்கான் வடிகட்டியால் அது முடியாது. இரண்டு நிலையங்கள் நெருங்கி மோதும் இடத்தில் வசிப்பவருக்கு இந்த ஒரு காரணமே கூடுதல் விலைக்குப் போதும்.

ஆனால் எண் வானொலி வாங்குவோர் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269 என்று எதை எடுத்தாலும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். அமெரிக்கக் கண்டத்தில் இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ். அங்குள்ள உறவினர் அன்போடு வாங்கி அனுப்பிய பெட்டி, தேடும் பொத்தானை அழுத்தினால் 930, 940 என்று தாவும். 936 இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடும். 720 மட்டும் இரண்டு கணக்கிலும் பொருந்தி வருவதால், சென்னையில் சோதித்துப் பார்த்தவர் பெட்டி சரியாக இருக்கிறது என்றே முடிவு செய்வார். திருச்சிக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். நல்ல பெட்டிகளில் 9, 10 என்று மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அது இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், மத்திய அலைக்காக வாங்க வேண்டாம்.

பையில் வைப்பதற்கு வருவோம். பிஎல்-310இடியும் பிஎல்-380-உம் ஏறத்தாழ பதிமூன்றரை சென்டிமீட்டர் அகலம் கொண்டவை. விளம்பரத்தில் கையடக்கம் என்பார்கள். கையில் அடங்கும், சட்டைப் பையில் அடங்காது. ஜோல்னாப் பையிலோ வண்டியின் முன்பெட்டியிலோ போவதற்கு ஏற்றவை. பூட்டு விசை இருப்பதால் பைக்குள் பொத்தான் அழுந்தி நிலையம் மாறும் தொல்லை இல்லை. பத்து நிலையங்களைப் பதிந்துவைத்துக்கொண்டு ஒரே அழுத்தில் மாறலாம். அரை மணி நேரத்தில் தானே அணையுமாறு வைத்துத் தூங்கலாம். விழிப்பு மணி வைக்கலாம். இவை எனக்குப் பிடித்திருந்தன. அம்மாவிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாளே, “இந்த நம்பரெல்லாம் யாருடா அழுத்துறது? பேசுற பெட்டியக் குடு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தவறுதலாக அலைவரிசைப் பொத்தானை அழுத்திச் சிற்றலைக்குப் போய்விட்ட பெட்டி, அவரைப் பொறுத்தவரை கெட்டுப்போன பெட்டிதான். மீட்டுக் கொண்டுவர மகன் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சிற்றலைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அன்றாடம் கேட்பதற்கு என்றால் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் சிற்றலைதான் உலகத்தின் சாளரமாக இருந்தது. பிபிசி தமிழோசை தன் வானொலி ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு முடித்துக்கொண்டபோது அந்தப் பழக்கத்தின் பெரும்பகுதியும் முடிந்தது. வத்திக்கான், சீனா போன்ற இடங்களிலிருந்து தமிழில் சிற்றலை ஒலிபரப்புகளைத் தேடிப் பிடித்து, கடிதம் எழுதி, கேட்டதற்கான சான்றட்டை பெறும் நேயர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அது ஓர் இனிய பொழுதுபோக்கு. காலைச் செய்திக்காகப் பெட்டி வாங்குபவரின் தேவை அன்று.

மூன்றாவது வகையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. மெமரி கார்டு, பென் டிரைவ், புளூடூத், டார்ச் விளக்கு, சிலவற்றில் சூரியத் தகடு, இவற்றோடு வானொலியும் சேர்ந்த பெட்டிகள் திருவிழாக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் குவிந்து கிடக்கின்றன. விலை மிகக் குறைவு, ஒலி மிகப் பெரிது. வயலிலும் தேநீர்க் கடையிலும் பாட்டுக் கேட்க அவை போதும். வானொலி என்று பார்த்தால், பாட்டை எண்ணிலிருந்து ஒலியாக்கும் சுற்றே மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்புவதால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பெயருக்குத்தான். நான் வாங்கிய ஒன்றில், பெட்டியின் மீது மூன்று அலைவரிசை என்று அச்சிட்டிருந்தும், மத்திய அலையில் பகல் முழுதும் ஒரே ஒரு நிலையமும், அதற்குத் துணையாக ஒரு ரீங்காரமும்தான் கிடைத்தன. இப்போது அது மாட்டுக்கொட்டகையில் டார்ச் விளக்காகப் பயன்படுகிறது. விளக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது, ஏற்கெனவே எல்லார் கையிலும் இருக்கும் செல்பேசி. தனியாக ஏன் ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இரண்டு விதமாக விடை சொல்ல வேண்டும். செல்பேசிக்குள்ளேயே பண்பலை வாங்கும் சுற்று இருந்தால், இயர்போன் ஒயரே ஏரியலாக வேலை செய்யும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் நான்கிலொரு பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் ஏரியல் நன்றாக வேலை செய்யும் என்பதால், ஒரு மீட்டர் இயர்போன் ஒயர் சிறு பெட்டிகளின் குட்டைக் கம்பியைவிடச் சில சமயம் மேலானது. ஆனால் இயர்போன் துளையே இல்லாத செல்பேசிகள் பெருகிவிட்டன. அந்தச் சுற்று இருந்தும் அதை முடக்கி விற்றவையும் உண்டு. பண்பலை வசதியை முடக்கக் கூடாது என்று 2023-இல் ஒன்றிய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. மத்திய அலை எந்தச் செல்பேசியிலும் இல்லை.

இணையம் வழியாகக் கேட்பது இன்னொரு விதம். பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் நாட்டின் பல மூலைகளிலுள்ள ஆகாசவாணி நிலையங்களைத் துல்லியமாகக் கேட்கலாம். தில்லியில் வாழும் தஞ்சாவூர்க்காரருக்கு இது வரம்தான். விநாடிக்கு 64 கிலோபிட் என்று கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி செலவாகும். நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்டாலும் இன்றைய தினசரித் தரவு வரம்பில் அது பெரிய சுமை அன்று. சுமை வேறிடத்தில் இருக்கிறது. பாட்டின் நடுவே அழைப்பு வரும், குறுஞ்செய்தி மணி அடிக்கும், கேட்க எடுத்தவர் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒலி சில பல விநாடிகள் பிந்தி வருவதால் மணியறிவிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்த முடியாது. என் போன்ற சிலருக்கு இது இன்னும் ஒரு குறையாகத் தோன்றுகிறது.

செல்பேசி மட்டும் போதும் என்ற வாதத்தை டெல்டாக்காரர்கள் 2018 நவம்பரில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அந்த மாதம் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்களோடு செல்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. பல சிற்றூர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. சார்ஜ் போட ஜெனரேட்டர் இருந்த இடங்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு கடிகார செல்லில் ஓடும் பெட்டி இருந்த வீட்டில், மளிகைக் கடையில் செல் இருந்தவரைக்கும், செய்தி வந்துகொண்டிருந்தது. கடலோர மாவட்டங்களில் வசிப்பவர்கள், வேறு எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சார்ஜ் தேவைப்படாத ஒரு பெட்டியை வீட்டில் வைத்திருப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

செல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஏனெனில் மூன்றாண்டுக் காலத்தில் பெட்டியின் விலையைவிடச் செல்லுக்கான செலவு கூடிவிடக்கூடும். முள் வானொலி ஒன்று மிதமான ஒலியில் சுமார் 25 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று தோராயமாகக் கொள்வோம். 2000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட, மறுபடி மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் செல் இரண்டு போட்டால் 80 மணி நேரம் ஓடும்; நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஏறத்தாழ இருபத்தாறு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்தால் போதும். இந்தச் செல்லின் அழுத்தம் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் என்றாலும், பெரும்பாலான சிறு பெட்டிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண துத்தநாகச் செல் இதில் பாதிகூடத் தாங்காது. அதைவிட மோசம், தீர்ந்த பிறகும் உள்ளேயே விட்டுவைத்தால் கசியும். அம்மாவின் பழைய பெட்டியைக் கொன்றது அதுதான். அல்கலைன் செல் நீடித்து உழைக்கும், ஆனால் அதுவும் கசியாது என்று சொல்வதற்கில்லை. ரிமோட்டுக்குப் போடும் மெல்லிய செல்லில் ஓடும் பெட்டிகளை நான் தவிர்ப்பேன்; சட்டைப் பைக்கு இலகுவாக இருக்கும், ஆனால் கொள்ளளவு பாதிக்கும் கீழ், விலை மட்டும் அதேதான்.

கடையில் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கடைக்குள் டியூப்லைட்டும் பல்பும் நிறைந்திருப்பதால் மத்திய அலையை அங்கே வைத்து மதிப்பிடக் கூடாது. அனுமதி கேட்டு வாசலுக்கு வந்து, பெட்டியைத் தட்டாமாலை சுற்றுவதுபோல் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மத்திய அலையை வாங்குவது வெளியே நீட்டும் கம்பி அன்று, உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் தண்டு; அது நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக நின்றால் ஒலி ஏறும், நேராக நீண்டால் மறையும். திருப்பும்போது தெளிவாக ஏறி இறங்கும் பெட்டி நல்ல தண்டு கொண்டது. பாட்டை வைத்து ஒலிபெருக்கியை மதிப்பிடுவதைவிட, ஒருவர் பேசுவதை வைத்து மதிப்பிடுங்கள். ‘ச’வும் ‘ஸ’வும் பிரிந்து கேட்டால் செய்திக்கு நல்லது. இயர்போனைச் செருகி இரண்டு காதிலும் ஒலி வருகிறதா என்று பாருங்கள். ஒற்றை ஒலித் துளை கொண்ட பெட்டிகளில் ஒரு காது ஊமையாகிவிடும். இழுத்து நீட்டும் ஏரியலின் அடிமூட்டை ஒருமுறை சுழற்றிப் பார்த்தால், அது எத்தனை மாதம் தாங்கும் என்பது கைக்கே தெரியும்.

அம்மாவுக்கு முள் வானொலிதான் வாங்கினோம். பழக்கம், விரல், 936, மூன்றும் அதையே கேட்டன. நிக்கல் செல் நான்கும் ஒரு சார்ஜரும் சேர்த்து வாங்கி, இரண்டு செல் பெட்டிக்குள்ளும் மற்ற இரண்டு செல் ஒரு டப்பாவிலுமாக மாறி மாறி இருக்கும்படி வைத்திருக்கிறேன். அக்கா எண் வானொலியை எடுத்துக்கொண்டார். காரைக்காலைக் கொடைக்கானலிடமிருந்து பிரிக்க அவருக்கு வேறு வழியில்லை, பொத்தான்களோடு பழகுவதில் அவருக்குச் சிரமமும் இல்லை. எனக்கென்று எதுவும் வாங்கவில்லை. மாலை நடைக்குச் செல்பேசியின் பண்பலையே ஓரளவு போதும் என்று இப்போதைக்கு இருக்கிறேன். இந்தச் செல்பேசி பழுதாகி, இயர்போன் துளை இல்லாத புதியது வரும்போது, அம்மாவினுடையதைப் போலவே இன்னொன்று வாங்குவேன்.